மூட்டை தொங்கிய அறை

சாயங்காலமானால் அந்த மாடி வீட்டில் அடி விழும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. முதலில் தொப்பென்று ஒன்று விழும். பிறகு சேர்ந்தாற்போல் நாலைந்து. நடுவில் ஒரு பெண் மூச்சு வாங்குவது கேட்கும், ஓர் ஆண் குரல் "இன்னும், இன்னும்" என்று அதட்டும். கீழ் வீட்டு டீச்சர் துடைப்பக் கட்டையை எடுத்துத் தன் கூரையை இடிப்பாள். மேலே சற்று அடங்கும். அப்புறம் இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் வரும். அந்தச் சிரிப்புதான் டீச்சருக்குப் பிடிபடவில்லை. அடிபட்டவள் அழுதால் கதவைத் தட்டிக் கேட்கலாம். சிரிக்கிறவளிடம் போய் என்னவென்று கேட்பது?

மாடியில் இருந்தவர்கள் ஒரு கறிக்கடைக்காரனும் அவன் மனைவியும். கடை அவனுடையதல்ல. முழு ஆட்டையும் மாட்டையும் கட்டையில் கிடத்திப் பிரித்துத் துண்டு போடுவது அவன் வேலை. அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஓட்டல் மேசைத்துணிகளும் மலைபோல் வந்து குவியும். நீராவி இஸ்திரியின் கனத்த மூடியை இழுத்து அமுக்கி, தூக்கி, மறுபடி அமுக்கி, அவள் தோள் இரண்டும் உருண்டு திரண்டிருந்தன. கல்யாணமான புதிதில் ரவிக்கை அளவெடுத்த தையல்காரி, "கை இவ்ளோ பெருசா, நாடா சரியாத்தான் இருக்கா?" என்று இன்னொரு தரம் அளந்து பார்த்தாள்.

இளவயதில் அவன் குத்துச்சண்டை பழகியவன். பெரிய பேரெல்லாம் எடுக்கவில்லை. மூக்கு மட்டும் ஒரு பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். கல்யாணமான முதல் வருஷம், அவன் சும்மா காற்றில் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, "எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். அவன் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தான். அடுத்த வாரமே சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட கெட்டித் துணியை வாங்கி வந்து, தானே தைத்து, மணலும் கந்தலும் அடைத்து, பின்னறை உத்தரத்தில் ஒரு மூட்டையைத் தொங்கவிட்டுவிட்டாள். அது தொங்கிய நாளிலிருந்து அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. மற்றவர்கள் கடற்கரைக்கோ கடைத்தெருவுக்கோ போகிற நேரத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் கையில் துணிக்கட்டுக் கட்டிவிட்டு, அதன் மேல் கையுறை மாட்டிக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள்.

அந்த அறைக்கென்று சில விதிகள் உண்டு. தன் கையைத் தானே கட்டிக்கொள்ளக் கூடாது. அவள் கையை அவன் கட்ட வேண்டும், அவன் கையை அவள். கட்டாத கையை ஓங்கக் கூடாது, அந்த அறையிலும் சரி, வெளியிலும் சரி. உள்ளே வந்துவிட்டால் 'வாங்க, போங்க' கிடையாது. "வாடா, வா, பயமா?" என்று அவள் கூப்பிடுவாள், அறையைத் தாண்டியதும் "சாப்பிட வரீங்களா?" என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. யார் 'போதும்' என்றாலும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும்.

அந்தச் சொல்லை வைத்தவள் அவள்தான். அதற்குக் காரணம் இருந்தது. அவளும் அவள் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டு கேட்ட சொல் அது. அவர்களுடைய அம்மா அதைச் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள், தரையைப் பார்த்துச் சொல்லுவாள், கடைசியில் வாயில் ரத்தத்தோடு சொல்லுவாள். அப்பா ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அந்தச் சொல் எடுபடுகிற வீடு ஒன்று தனக்கு வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கிடைத்தது. ஒரு தரம் அவனுடைய வலக்கை முழு வேகத்தில் அவள் தாடையை நோக்கி வந்துகொண்டிருந்தபோது அவள் சொன்னாள். கை பாதி வழியில் நின்றது. நிறுத்திய வேகத்தில் அவனுக்குத் தோள் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கத்தி தூக்க முடியவில்லை. அன்றைக்கு அவள் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபடி அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அடிபடாமல் சண்டை பழக முடியாது. ஒரு நாள் அவள் குனிய வேண்டிய நேரத்தில் நிமிர்ந்துவிட்டாள். இடது கண் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. அவன் பதறிப் போய்க் கடைக்கு ஓடி, ஐஸில் கிடந்த இறைச்சித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கண்ணில் வைத்தான்.

"மத்தவங்க பொண்டாட்டிக்கு மிட்டாய் வாங்கிட்டு வருவாங்க. நீங்க ஈரல் கொண்டாறீங்க" என்றாள்.

"ஈரல் இல்ல, தொடை. ஒசத்தி" என்றான் அவன்.

மறுநாள் சலவைக்கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. விரிப்பு மடிக்கிற அக்கா அவளைத் துணிக் குவியலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"யாரு அடிச்சா?"

"யாரும் அடிக்கலக்கா. நாங்க விளையாடினோம்."

"ஆமா. எங்க வீட்டுலயும் விளையாடுவாரு. நான் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுவேன். உன் பொய் கொஞ்சம் புதுசா இருக்கு, அவ்ளோதான்."

"அக்கா, சத்தியமா..."

"சத்தியம் எல்லாம் பண்ணாதடி. எனக்குத் தெரியாதா?" அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலில் இருந்த பரிவு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எதைச் சொன்னாலும் அடிவாங்கியவள் சொல்கிற பொய்யாகவே போய் விழுகிறது. இதற்கு என்ன செய்ய?

சங்கதி அண்ணன் காதுக்குப் போனது. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். கட்டிலுக்கு அடியில் அவளோடு பதுங்கியிருந்தவன். தன் தங்கை முகத்தில் ஒருவன் கை வைத்தான் என்று கேட்டதும் அவன் என்ன ஏதென்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. சரக்கோடு லாரியைக் கறிக்கடை வாசலில் நிறுத்திவிட்டு, சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரோடு இறங்கினான்.

அப்போது கடையில் நல்ல கூட்டம். கறிக்கடைக்காரன் ஒரு முதுகெலும்பை வெட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, "வா மச்சான்" என்று சிரித்தான். பதிலுக்கு ஸ்பேனர் அவன் விலாவில் இறங்கியது. கட்டையின் மேல் மடிந்து விழுந்தவன் நிமிர்ந்தபோது கையில் வெட்டுக்கத்தி இருந்தது. முழங்கை நீளக் கத்தி. ஒரே வீச்சில் எலும்பைத் துண்டாக்குவது. கூட்டம் அலறிப் பின்வாங்கியது. அவன் கத்தியைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டினான்.

"மச்சான், கை கட்டல. நான் அடிக்க மாட்டேன்."

மற்றவர்களுக்கு அது புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. "என் தங்கச்சிய மட்டும் அடிப்பியாடா?" என்று கத்திக்கொண்டே தூக்கிய கையின் மேல் ஓங்கி ஒன்று போட்டான். வலது மணிக்கட்டு காய்ந்த விறகு போல் முறிந்தது. அப்புறம் முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று. கறிக்கடைக்காரன் தரையில் கிடந்தான். ஆட்டு ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே வாய்க்காலில் ஓடின. வாடிக்கைக்கு வந்த ஒரு பெண்மணி, "நல்லா வேணும்" என்றாள்.

அவள் சலவைக்கூடத்திலிருந்து செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் அண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டு வீட்டில் கிடத்திய பிறகு, அண்ணனைப் பிடித்து இழுத்துப் பின்னறையில் கொண்டு போய் நிறுத்தினாள். சத்தம் கேட்டு டீச்சரும் ஏறி வந்துவிட்டாள்.

"இது என்ன, தெரியுதா?"

அண்ணன் மூட்டையைப் பார்த்தான். "என்னது இது, அரிசி மூட்டையா?"

"டீச்சர், நீங்களும் பாருங்க. தினமும் நீங்க துடைப்பத்தால இடிப்பீங்களே, அந்தச் சத்தம் இதுதான்." அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மூட்டையில் நாலு போட்டாள். கூரையிலிருந்து தூசி கொட்டியது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் நம்பாத முகத்தோடு நின்றான். "எதையோ காட்டி அவனக் காப்பாத்தப் பாக்கற பாப்பா. அம்மாவும் இப்படித்தான்..."

அம்மாவை இழுத்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை, கட்டாத கை என்பதும் மறந்துபோனது. தாவி வந்து அவன் விலாவில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அண்ணன் லாரி டயரையே தனியாளாகத் தூக்குகிறவன். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டான். மூச்சு வர வெகுநேரம் ஆனது. வந்ததும் முதலில் இருமினான், பிறகு அழுதான், கடைசியில் சிரித்தான்.

"மாப்ள, என்னை மன்னிச்சிருய்யா. இவகிட்ட நீதான்யா மாட்டிக்கிட்டிருக்க!"

கறிக்கடைக்காரன் கட்டிலில் கிடந்தபடி, "பரவால்ல மச்சான்" என்றான். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடுங்கப்பா, நான் உங்கள என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள். எல்லாரும் தேநீர் குடித்தார்கள். விவகாரம் அத்தோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். பாவம், அங்கேதான் அது தொடங்கியது.

அண்ணனுக்கு ஒரு குணம் உண்டு. செய்த தப்பு உறுத்தினால் அதை வேடிக்கையாக்கி நாலு பேரிடம் சொல்லிச் சொல்லிக் கரைப்பான். லாரி நிற்கிற இடமெல்லாம் சொன்னான்: "அவன் எங்க என் தங்கச்சிய அடிக்கறது? அவதான் அவனப் பந்தாடுறா. எனக்கே விலா எலும்பு போச்சு." நல்ல மனசோடுதான் சொன்னான். மாப்பிள்ளை பேரைக் காப்பாற்றுவதாகத்தான் அவன் நினைப்பு. ஒரு வாரத்தில் தெரு முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. பொண்டாட்டியை அடிக்கிறவனாக இருந்தவன் பொண்டாட்டியிடம் அடிவாங்குகிறவனாக ஆகிவிட்டான்.

முன்னதற்காவது ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இதற்கு முகத்தைப் பார்த்தே சிரித்தார்கள்.

மாவுக்கட்டோடு வெட்ட முடியாது என்பதால் முதலாளி அவனைப் பொட்டலம் கட்ட வைத்தார். கட்டையில் வேறொருவன் நின்றான். "என்னப்பா, நேத்து எத்தனை வாங்கின?" என்று எலும்பு வாங்க வந்தவன் கேட்பான். "கைய அவதான் ஒடிச்சாளாமே?" என்பான் இன்னொருவன். முதலாளியும் சேர்ந்து சிரிப்பார். இவன் இடக்கையால் நூலைச் சுற்றியபடி தலை குனிந்து நிற்பான்.

வீட்டில் அவள் அவனுக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டாள், முகம் மழித்துவிட்டாள், ரொட்டியைச் சூப்பில் நனைத்து ஊட்டினாள். கட்டாத கையை ஓங்கவில்லை என்பதற்காக எலும்பை முறித்துக்கொண்டவன் என்று அவன் மேல் அவளுக்குக் காதல் பொங்கியது. அதைச் சொல்லவும் செய்தாள்.

"கத்தி கையில இருந்தும் அத வெச்சுட்டு நின்னீங்க பாருங்க. அதுக்கு மேல ஒரு ஆம்பளைக்கு என்ன வேணும்?"

"அத யாரும் சொல்லல."

"யாருக்குத் தெரியணும்? எனக்குத் தெரியும்."

"நீ எதுக்கு உங்கண்ணன அடிச்சுக் காட்டின?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேற எப்படி நம்புவான்?"

"நம்பலன்னா போறான். இப்ப பாரு, கடை பெருக்கற கழுதைகூட என்னப் பாத்துச் சிரிக்குது."

"சரி, விடுங்க. சூப்பு ஆறுது."

அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவள்தான் அதை விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து வெளுத்திருந்தது. பழையபடி கட்டைக்குத் திரும்பினான். ஆனால் முதல் நாளே கத்தி எலும்பில் மாட்டிக்கொண்டது. வரிசையில் நின்றவன் ஒருவன், "வீட்டுல சொல்லி அனுப்பு, அவ வந்து வெட்டட்டும்" என்றான். கடையே கொல்லென்று சிரித்தது.

அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வா, பின்னறைக்கு" என்றான்.

"இன்னும் கை தேறலையே. கொஞ்ச நாள் போகட்டுமே."

"வரியா, இல்லையா?"

அவளுக்கு உள்ளூர ஆசைதான். அத்தனை வாரம் மூட்டை சும்மா தொங்கியதில் அவளுக்கும் வீடு வெறிச்சென்று இருந்தது. துணிக்கட்டை எடுத்து அவன் கையில் சுற்றினாள். முறிந்த இடத்தில் மெதுவாக, இரண்டு சுற்று கூடுதலாக. அவன் அவள் கையைக் கட்டினான். பார்க்காமல் கட்டினான், ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தொளதொள. கையுறையை மாட்டிக்கொண்டார்கள்.

முதல் குத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. விளையாட்டுக் குத்து பட்டதும் திரும்பிப் போகும். இது உள்ளே போக வந்தது. தோளில் விழுந்தது, கை மரத்தது. "டேய், மெதுவா" என்று சிரிக்கப் பார்த்தாள். இரண்டாவது வாயில் விழுந்தது. பல் உதட்டைக் கிழித்தது. ரத்தம் உப்பாக நாக்கில் பட்டது.

"போதும்" என்றாள்.

அவன் அடித்தான்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். கையைத் தாழ்த்திக்கொண்டு, தெளிவாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "போதும்ங்க."

தாழ்த்திய கைக்கு மேலே வந்த குத்து மூக்கில் விழுந்தது. தலை சுவரில் மோதியது. "அடி!" என்று அவன் கத்தினான். "அடி, அடிடி! ஊரே சொல்லுதே, அடிச்சுக் காட்டு! உங்கண்ணனுக்குக் காட்டின மாதிரி காட்டு!" வயிற்றில் ஒன்று. விலாவில் ஒன்று. அவள் சரிந்து தரையில் விழுந்தாள். தரையில் கிடந்தவளுக்கும் ஒன்று விழுந்தது. மூன்றாவது தரம் அவள் 'போதும்' என்று சொன்னபோது அதைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன குரல் அவளுடையதாக இல்லை. அம்மாவினுடையதாக இருந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குள் என்னவோ அறுந்தது. சுவரைப் பிடித்து எழுந்தாள். அவன் மறுபடி வலக்கையை வீசினான். அவள் குனிந்தாள், அவனே சொல்லிக் கொடுத்தபடி. நிமிரும்போது தாடையில் ஒன்று. அவன் தள்ளாடினான். விடவில்லை. இஸ்திரி மூடியை அமுக்கிய தோள் அவ்வளவும் சேர்ந்து இறங்கியது. விலா, வயிறு, மறுபடி முகம். சாய்ந்த மூக்கு மறு பக்கம் சாய்ந்தது. அவன் மூட்டையில் போய் மோதி, அதைக் கட்டிப் பிடித்தபடி வழுக்கி உட்கார்ந்தான். அவள் கையை ஓங்கிக்கொண்டு மேலே நின்றாள். அடித்திருந்தால் அவன் பல் இருந்திருக்காது.

"போதும்" என்றான் அவன்.

ஓங்கிய கை பாதி வழியில் நின்றது.

நிறுத்த முடிகிறதே என்று அவளுக்கு இருந்தது. இவ்வளவு ரத்தத்தோடு, இவ்வளவு ஆத்திரத்தோடு, ஒரே தரம் சொன்னதற்கு நிறுத்த முடிகிறது. அப்படியானால் அவனாலும் முடிந்திருக்கும். அதை நினைத்தபோதுதான் அவள் அழுதாள்.

அவனும் அழுதான். மூக்கு ரத்தமும் கண்ணீருமாக அவள் காலைப் பிடித்தான். "என்னமோ வெறி புடிச்சிருச்சு. கடையில அவனுங்க... இனிமே சத்தியமா கை வைக்க மாட்டேன். இந்தா, நீயும் அடிச்சுட்டல்ல? சரிக்குச் சரியாப் போச்சு. விடு."

"சரிக்குச் சரி இல்ல" என்றாள். "நான் நிறுத்தினேன்."

"இனிமே நானும் நிறுத்துவேன்."

"எங்கப்பாவும் காலையில இதேதான் சொல்லுவாரு. இதே மாதிரி கால புடிச்சுக்கிட்டு."

அவன் கையை விட்டான். அவள் கையுறையைக் கழற்றி, துணிக்கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். எப்போதும் அவன்தான் பிரித்துவிடுவான். அவன் கை நீட்டினான், அவள் திரும்பிக்கொண்டாள். கிழிந்த உதட்டில் துணி பட்டு எரிந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

டீச்சர்தான். கையில் துடைப்பக் கட்டை இல்லை. ஒரு கிண்ணத்தில் ஐஸ் கட்டி வைத்திருந்தாள். விவகாரம் புரிந்த பிறகு அவள் ரொம்ப மாறியிருந்தாள். அரை இருட்டில் கதவைத் திறந்தவளின் முகம் டீச்சருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்று ஆசையோடு கேட்டாள் டீச்சர். "கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். இன்னைக்கு ரொம்ப ஜோரா விளையாடினீங்க போலிருக்கே! ஐஸ் வேணுமேன்னு கொண்டாந்தேன்."

பின்னால் அறைக்குள் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. 'ஆமா டீச்சர், விளையாடினோம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை நாள் சொன்ன அதே வார்த்தை. இப்போதென்றால் எல்லாரும் நம்புவார்கள். அந்த அக்காகூட நம்புவாள்.

அவள் விளக்கைப் போட்டாள். டீச்சர் அவள் கிழிந்த உதட்டையும் மூக்கையும் பார்த்தாள்.

"இல்ல டீச்சர். இன்னைக்கு அடிச்சுட்டாரு."

கிண்ணத்தில் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"உங்க போன் குடுக்கறீங்களா? அண்ணனுக்குப் பேசணும்."

"ஐயோ, அவன் வந்தா இவரக் கொன்னே போட்டுருவானேம்மா."

"அதனாலதான் நானே பேசணும். ஸ்பேனர எடுத்துட்டு வராதேன்னு முதல்ல சொல்லணும். அப்புறம் லாரியோட வான்னு சொல்லணும்." அவள் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவன் மறுபடி மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"சாமான் கொஞ்சம்தான் டீச்சர். மூட்டைதான் பெரிய கனம். அது நான் தெச்சது, எங்கூட வரணும்."